போகியில் எரிந்த இன்சுலின்

1. காணும் பொங்கல் டூட்டி

பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். வீடு அரியலூர். சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் போய் வந்தே பாதி ஆயுசு போனது. கடைசிப் பத்துப் பதினைந்து வருடம் சுகர் ஓபி என் பொறுப்பு. இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ் பெண்கள் எனக்குப் போன் செய்கிறார்கள். "மேடம், பண்டிகை முடிஞ்சாப் போதும், எல்லாருக்கும் சுகர் எகிறிப் போயி வந்து நிக்கிறாங்க. திட்டித் திட்டி வாய் வலிக்குது" என்கிறார்கள். திட்ட வேண்டியவர்களை விட்டுவிட்டு வேறு யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறீர்கள் பிள்ளைகளே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருடம். காணும் பொங்கல் அன்று எனக்கு டூட்டி. ஓபி கிடையாது, பார்மசி பூட்டு, எமர்ஜென்சிக்கு மட்டும் நானும் ஒரு ஆயாவும். டாக்டர் கூப்பிட்டால் வருவார். வெளியே ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. காலை டிபன் டப்பாவைத் திறக்கப் போகும்போது ஒரு பைக் வந்து நின்றது.

ஓட்டி வந்தவர் கலியபெருமாள். பின்னால் உட்கார்ந்திருந்தது அவருடைய அக்கா அஞ்சலை. இரண்டு பேருக்கும் நடுவில் தலை தொங்கிப் போய் இருந்தவள் மலர்க்கொடி, கலியபெருமாளின் மனைவி. என் சுகர் ஓபிக்கு வருகிறவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை. காலை, ராத்திரி இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி தானே போட்டுக்கொள்வாள். ஒரு வேளைகூடத் தப்ப விட மாட்டாள். என் ஓபியில் யாரைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவேனோ, அவள்தான் மலர்க்கொடி.

"என்னாச்சு?"

"ரெண்டு நாளா ஒரே வாந்தி சிஸ்டரு. பொங்கச் சாப்பாடு ஒத்துக்கல போலருக்கு" என்றார் கலியபெருமாள்.

நானும் ஆயாவும் அவளைத் தாங்கிக் கட்டிலில் போட்டோம். நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. அந்த மூச்சில் அழுகின பழ வாசனை. சுகர் முற்றி ரத்தம் விஷமாகும்போது வருகிற வாசனை அது. விரலில் குத்தி மெஷினில் வைத்தேன். மெஷின் நம்பர் காட்டவில்லை. தன்னால் அளக்க முடிகிற அளவைத் தாண்டிவிட்டது என்று 'ஹை' காட்டியது.

அந்த நேரம் பார்த்து அஞ்சலை ஒரு தூக்குவாளியை என் மேஜை மேல் வைத்தார். "நல்ல நாளும் அதுவுமா டூட்டி பாக்குறீங்க சிஸ்டரு. சக்கரப் பொங்கலு. முந்திரி, திராட்ச எல்லாம் போட்ருக்கு. ஒரு வாய் சாப்புடுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். தூக்குவாளியை நகர்த்தி வைத்துவிட்டு மலர்க்கொடியின் கன்னத்தைத் தட்டினேன்.

"மலரு, இந்தா பாரு. ஊசி போட்டியா?"

அவள் கண்ணைத் திறந்து நாத்தனாரைப் பார்த்தாள். அஞ்சலைதான் சொன்னார், அதுவும் சந்தோஷமாகச் சொன்னார்.

"ஊசி எதுக்கு சிஸ்டரு இனிமே? அதத்தான் போகியிலயே கொளுத்தியாச்சுல்ல."

2. பாட்டில் வெடித்ததும் கைதட்டினார்களாம்

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னபடி சலைன் ஏற்றினேன், 108-க்குச் சொன்னேன். வண்டி வருகிற வரைக்கும் கேட்டுக் கேட்டு வாங்கிய கதை இது.

மலர்க்கொடியின் மகள் சுகன்யாவுக்கு அந்த ஆவணியில்தான் கல்யாணம். அது தலைப்பொங்கல். புது மாப்பிள்ளை வருகிறார் என்று போகிக்கு முந்தின நாளே அஞ்சலை தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டை ஒழித்தார், வெள்ளையடித்தார். போகி விடியற்காலையில் பழைய பாய், கிழிந்த சாக்கு, தேய்ந்த விளக்குமாறு எல்லாம் வாசலில் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தக் குவியலில் மலர்க்கொடியின் மருந்துப் பையையும் போட்டுவிட்டார். மாத்திரை அட்டை, சிரிஞ்சு, ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் பாட்டில் எல்லாமே.

"பழசு கழியற நாளுல்ல சிஸ்டரு? சீக்கும் அதோட கழியட்டும்னு போட்டேன். புது மாப்புள வர்ற வூட்ல ஊசியும் மருந்துமாக் கெடந்தா நல்லாவா இருக்கும்? தை பொறக்கையில என்ன பண்றமோ அதுதான் வருசம் பூரா நடக்கும். அன்னிக்கு ஊசி போட்டா வருசம் பூரா ஊசிதான்."

இன்சுலின் பாட்டில் நெருப்பில் 'பட்'டென்று வெடித்ததாம். பிசாசு ஓடுது என்று சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்களாம். பெரியவர்கள் சிரித்தார்களாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நீ என்னம்மா பண்ணிட்டிருந்த? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று மலர்க்கொடியைக் கேட்டேன்.

"தலப்பொங்கலு சிஸ்டரு" என்று முனகினாள். "நான் வாயத் தொறந்தா அண்ணிக்கும் எனக்கும் சண்டையாயிடும். மாப்புள முன்னால எம்மவ மூஞ்சி வாடிரும். நாலு நாளுதானேன்னு இருந்துட்டேன்."

"நீங்க?" என்று கலியபெருமாளைப் பார்த்தேன். "வேற பாட்டில் வாங்க இங்க வந்திருக்கலாம்ல?"

"ஆஸ்பத்திரி லீவுன்னு நெனச்சோம்ங்க."

லீவு ஓபிக்குத்தான் ஐயா, ஆஸ்பத்திரிக்கு இல்லை. இதை நாம் யாரிடமாவது வாய் திறந்து சொல்லியிருக்கிறோமா? பார்மசியில் பூட்டுத் தொங்கினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? பண்டிகைக்கு முன்னால் வருகிற ஓபியில் எல்லாருக்கும் வழக்கமான மாத்திரையைக் கொடுத்து அனுப்பி விடுகிறோம். "லீவு நாள்லயும் உள்ள ஆள் இருக்கும், அவசரம்னா வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல நமக்கு நேரம் இல்லை. பிள்ளைகளே, இதை முதலில் சொல்லப் பழகுங்கள்.

அப்போதுதான் அவளுடைய வலது காலைக் கவனித்தேன். பாதத்தில் மஞ்சள் தோய்ந்த துணி சுற்றியிருந்தது. அவிழ்த்தேன். சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் கருத்துப் போயிருந்தன. உள்ளங்கால் ஓரம் பொத்தென்று வீங்கி, நாற்றம் மூக்கைத் துளைத்தது.

போகி நெருப்பைத் தள்ளிவிடப் போனபோது எரிகிற கங்கு ஒன்றை மிதித்திருக்கிறாள். சுகர் நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்கிப் போகும். சுட்டது அவளுக்குத் தெரியவே இல்லை. பொங்கலன்று கோலத்தின் மேல் காலிலிருந்து நீர் வடிந்த தடத்தைப் பார்த்து மகள் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள். அதற்கு மஞ்சளும் காப்பித்தூளும் வைத்துக் கட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

108 வந்தது. ஏற்றும்போது மலர்க்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரு, காலு போயிருமா? நின்னு சமைக்கிற வேலை எனக்கு. காலு இல்லாட்டி யாரு வேலை குடுப்பா?"

"போயிட்டு வா, நான் வந்து பாக்குறேன்" என்றேன். அஞ்சலை தூக்குவாளியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3. 'கொஞ்சூண்டு' என்கிற விஷம்

அவள் அந்த நாலு நாளும் என்ன சாப்பிட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளாகக் கேட்டு எதையும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை கையால் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். "அத்தை, கொஞ்சூண்டு." பக்கத்து வீட்டில் பானை பொங்கியதும் ஒரு கிண்ணம் வந்தது. "கொஞ்சூண்டு." மச்சான் வீட்டில் கொஞ்சூண்டு. மாட்டுப் பொங்கலன்று பங்காளி வீட்டுக் கிண்ணத்தில் கொஞ்சூண்டு. கரும்பு கணக்கில் சேராது, அது பல்லுக்கு நல்லதாம்!

எல்லாருடைய கொஞ்சூண்டும் ஒரே வயிற்றுக்குள்தானே போகிறது? வைக்கிறவர் ஒவ்வொருவருக்கும் தான் வைத்த கரண்டி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். "எங்க வூட்டுப் பொங்கன்னா ஆகாதா ஒனக்கு?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கல்யாணப் பந்தியில் இலையை மூடி மறித்தாலும் கை இடுக்கில் ஜாங்கிரியைச் செருகிவிட்டுப் போகிற ஆட்கள் நம் ஆட்கள். அன்பாம்! இந்த அன்பில் எத்தனை கால் போயிருக்கிறது என்று புண்ணுக்குக் கட்டுக் கட்டின எனக்குத் தெரியும்.

ஜனங்களை மட்டும் சொல்லவில்லை. நம் லட்சணம் என்ன? சுகர் விழிப்புணர்வுக் கூட்டம் என்று ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். மேடையில் ஒரு அதிகாரி இனிப்பை ஒதுக்குங்கள் என்று முழங்கினார். கைதட்டல் முடிந்ததும் ஆளுக்கொரு பொட்டலம் வந்தது. பிரித்தால் மைசூர்பாகு, போண்டா. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேஷன்ட் ஒருவர், "கவர்மெண்டே குடுக்குது, சாப்புடலாந்தானே சிஸ்டர்?" என்று கேட்டார். மேடைக்குப் போய் அந்தப் பொட்டலத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். மேலிடத்திலிருந்து போன் வந்தது. "ஏம்மா, எல்லாரும் வாங்கிக்கிறாங்க, ஒனக்கு மட்டும் என்ன?" என்றார்கள். எனக்கு மட்டும் என்ன என்றா கேட்கிறீர்கள்? நான்தான் கட்டுக் கட்டுகிறேன் சார், அதனால்தான் என்றேன்.

ஓபியில் கொடுக்கச் சொல்லி ஒரு டயட் சார்ட் வரும். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ப்ரோக்கோலி. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற ஊரில் ப்ரோக்கோலிக்கு எங்கே போவது? பொங்கல், தீபாவளி, காதுகுத்து, கெடாவெட்டு என்று எதற்கும் அந்தத் தாளில் வழி கிடையாது. பண்டிகையே வராத தேசத்து ஜனங்களுக்கு எழுதின தாள். அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் சுகர் ஏறியிருந்தால் "சொன்னதக் கேக்க மாட்டியா?" என்று நாம் பாய்வோம்.

4. வார்டில்

அடுத்த நாள் டூட்டி முடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். உயிருக்குப் பயம் இல்லை, சுகர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள். கால் மட்டும் சொல்ல முடியாது. விரலோடு நிற்குமா, கணுக்காலுக்கு ஏறுமா, முழங்கால் வரை போகுமா என்று பார்க்கிறோம் என்றார் சர்ஜன். நல்ல மனுஷர். பொய் சொல்லித் தேற்றவில்லை.

கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு பை. எட்டிப் பார்த்தேன். ஆப்பிள், திராட்சை, டப்பாவில் ரவா லட்டு, நிறைய சர்க்கரை போட்ட ஹார்லிக்ஸ். "ஒடம்பு தேறணும்ல" என்றார் ஒரு அம்மா. கலியபெருமாளின் சித்தப்பா ஒருவர், மாட்டுப் பொங்கலன்று அவளுக்குக் கொஞ்சூண்டு கொடுத்த பங்காளி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"இதுக்கு வாயக் கட்டத் தெரியல. பொம்பளைக்கு நாக்கு இவ்வளவு நீளம் ஆவாது."

மலர்க்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! நான் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்கூட இல்லை, பார்க்க வந்தவள். அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை.

"யாருக்குய்யா நாக்கு நீளம்? அவ உங்க வூட்டு வாசல்ல வந்து பொங்க கேட்டாளா? நீங்கதான கிண்ணத்துல கொண்டாந்து குடுத்தீங்க? சாப்புடலன்னா கோவிச்சுக்குவீங்க, சாப்பிட்டா நாக்கு நீளம்பீங்க. குடுக்கறதும் நீங்க, திட்டறதும் நீங்க. வெட்டப் போறது மட்டும் அவ காலு! போங்கய்யா எல்லாரும் வெளிய! அந்த லட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அந்த வார்டு சிஸ்டர் ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவங்க சொல்றது சரிதான், கெளம்புங்க" என்று எல்லாரையும் அனுப்பிவிட்டாள்.

அஞ்சலை மட்டும் வராண்டாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் பார்த்த அஞ்சலை இல்லை. அவருக்கும் இரண்டு கொடுக்கலாம் என்றுதான் போனேன். அவரே பேசினார்.

"எங்க வூட்டுக்காரருக்கும் சக்கர வியாதிதான் சிஸ்டரு. மாத்திர போட்டுக்கிட்டு ஓடியாடிட்டுதான் இருந்தாரு. ஊசின்னு ஆரம்பிச்சாங்க, அடுத்த பொங்கலுக்கு ஆளு இல்ல. ஊசி போட ஆரம்பிச்சாலே போயிருவாங்கன்னு எம்மனசுல விழுந்துருச்சு. தம்பி பொண்டாட்டியும் போயிருவாளோன்னுதான்... அந்தப் பாட்டில நெருப்புல போட்டப்ப மாரியாத்தாள நெனச்சுக்கிட்டுப் போட்டேன் சிஸ்டரு."

கொடுக்க நினைத்ததை எல்லாம் விழுங்கினேன். கோபம் போகவில்லை, ஆள் மாறியது. ஊசியால் அவர் சாகவில்லை அம்மா, ஊசி போட வேண்டிய காலத்தில் போடாமல் தள்ளித் தள்ளி, காலம் கடந்து போட்டதால் போய்விட்டார் என்று அந்தப் பொம்பளைக்கு ஒரு நர்ஸ் சொல்லியிருந்தால் இந்தப் பாட்டில் எரிந்திருக்குமா? புருஷனுக்குச் சோறு போட்டவர் அவர். அவரை உட்கார வைத்துப் பேச அன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் ஆள் இல்லை. நான் அந்த வராண்டாவிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. மலர்க்கொடி பள்ளிக்கூடத்து அடுப்புக்குத் திரும்ப மாதக் கணக்கில் ஆனது. அது வரைக்கும் அஞ்சலை தம்பி வீட்டிலேயே இருந்து சமைத்துப் போட்டார்.

5. ஜமீலா பீவியும் மருமகளும்

அந்தப் பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் ரம்ஜான் நோன்பு வர இருந்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜமீலா பீவி என் ஓபிக்கு வந்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் நோன்புக்கு முன்னால் இப்படித்தான் வருவார்கள். நோன்பு பிடிக்கலாமா, ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போவார்கள். ஜமீலா பீவி இந்த முறை மருமகளையும் கூட்டி வந்திருந்தார்.

"விடியறதுக்கு முந்தி சஹருக்கு என்ன ஆக்கணும், நோம்புக் கஞ்சி எவ்வளவு ஊத்தணும்னு இவகிட்டயே சொல்லுங்க சிஸ்டர்" என்றார். "எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? ஆக்கறதும் அவ, ஊத்தறதும் அவ. எம்மவன் சவுதியிலேர்ந்து பேரீச்சம்பழம் பொட்டி பொட்டியா அனுப்பறான். சாவிய இவகிட்டக் குடுத்துட்டேன். கை நடுங்கி வேத்துச்சுன்னா நோம்ப முறிச்சிரணும்னு எங்க பள்ளிவாச ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு. அல்லா யாரையும் கஷ்டப்படுத்தச் சொல்லல."

மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பொரித்தது எத்தனை, பழம் எத்தனை, படபடப்பு வந்தால் உடனே என்ன கொடுப்பது என்று திருப்பிச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவரைக் கூப்பிட்டு வைத்துத் திட்டிக்கொண்டிருக்கிறோம். பரிமாறுகிறவரை ஒரு நாள் கூப்பிட்டோமா?

6. கரண்டி பிடிக்கிறவர்களை வரச் சொன்னேன்

அடுத்த பொங்கலுக்கு முன் டாக்டரிடம் போய், சுகர் பேஷன்ட் ஒவ்வொருவரும் வீட்டில் பரிமாறுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டும், ஒரு நாள் பேசுகிறேன் என்றேன்.

"சிஸ்டர், இருக்கிற கூட்டத்துக்கே ஒக்கார எடம் இல்ல. நீங்க வேற ஆளுக்கு ரெண்டு பேரா வரச் சொல்றீங்க" என்றார்.

"வேப்பமரத்தடியில ஒக்கார வெச்சிக்கறேன் சார். போன பொங்கலுக்கு ரெண்டு வெரல் போச்சு. இந்தப் பொங்கலுக்கு யாருதுன்னு சொல்லுங்க, அவங்கள மட்டும் கூப்புடறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி, பண்ணுங்க" என்றார்.

வந்தார்கள். மருமகள்கள், மாமியார்கள், கையைக் கட்டிக்கொண்டு நாலைந்து ஆம்பளைகள். முன்வரிசையில் அஞ்சலை. நான் டயட் சார்ட்டை எடுக்கவே இல்லை. பொங்கல் இலையைப் பற்றி மட்டும் பேசினேன்.

பூசணி, அவரை, மொச்சை போட்ட கூட்டை முதலில் நிறைய வையுங்கள். சோற்றைக் குறையுங்கள். சர்க்கரைப் பொங்கல் ஒரு நெல்லிக்காய் அளவு, கடைசியில், நாள் முழுக்க அந்த ஒரு தடவைதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்தால் அதற்குத் தக்க சோற்றை எடுங்கள். வெல்லம் சுகரை ஏற்றாது என்று எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். வரகுப் பொங்கல் என்றாலும் அளவு அளவுதான். பக்கத்து வீட்டுக் கிண்ணம் வந்தால் வாங்கிக் கும்பிட்டு உள்ளே வையுங்கள், சுகர்காரர் கையில் கொடுக்காதீர்கள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நடக்க வையுங்கள், காலில் செருப்போடு. போகி நெருப்புப் பக்கம் சுகர்காரர் வரவே வேண்டாம்.

இன்னொன்று. படைக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. காலையிலேயே ஊசி போட்டுவிட்டுப் பானை எப்போது பொங்கும் என்று வெறும் வயிற்றோடு காத்திருந்தால் சுகர் விழுந்து மயக்கம் வரும். வீட்டுப் பானை நேரத்தோடு பொங்குமா, காலைப் பலகாரம் சாப்பிட்டாக வேண்டுமா, யாருக்கு எந்த நேரத்தில் ஊசி என்று டாக்டரைக் கேட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினேன். மலர்க்கொடி வீட்டில் விடிந்ததும் பொங்கல் வைத்துவிடுவார்கள். அவளுக்கு டாக்டர் சொன்னது சுலபம்: பானை பொங்கும்போது ஊசி, படையல் முடிந்ததும் இலை.

ஒரு ஆம்பளை எழுந்து, "நல்ல நாள்ல ஊசி போடலாமாங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

7. பானை பொங்கிய காலை

அந்தப் பொங்கலுக்கு மலர்க்கொடி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். விடியும் முன்பே கிளம்பிப் போனேன். வாசலில் மூன்று கல் கூட்டிப் பானை. சுகன்யா கையில் குழந்தை. மாப்பிள்ளை கரும்பைக் கட்டிக்கொண்டிருந்தார். மலர்க்கொடி செருப்புப் போட்ட காலோடு கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள்.

பானை பொங்கியது. எல்லாரும் "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார்கள். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அஞ்சலை உள்ளேயிருந்து மருந்துப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். "மலரு, படையல் நான் பாத்துக்கறேன். நீ ஊசியப் போடு."

முந்தின வருடம் வார்டில் நாக்கு நீளம் என்ற அதே சித்தப்பா அங்கே நின்றிருந்தார்.

"ஏம்மா அஞ்சல, தை பொறக்கற நேரத்துலயா ஊசி? இன்னிக்கிப் பண்றதுதான் வருசம் பூரா நடக்கும்னு நீதான சொல்லுவ?"

"இப்பவும் அதத்தான் சொல்றேன் சித்தப்பா" என்றார் அஞ்சலை. "வருசம் பூரா ஒரு வேள தப்பாமப் போடணும். அதான் இன்னிக்கிலேர்ந்தே போடுறா."

மலர்க்கொடி கட்டிலில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டாள். ஒளிந்துகொள்ளவில்லை. மாப்பிள்ளை சிரிஞ்சைப் போடுகிற டப்பாவைப் பிடித்துக்கொண்டார். படையல் முடிந்து இலை போட்டார்கள். அஞ்சலை கூட்டை அள்ளி வைத்தார், சோற்றை அளந்து வைத்தார், சர்க்கரைப் பொங்கலை நெல்லிக்காய் அளவு உருட்டி ஓரத்தில் வைத்தார். மறு தடவை வைக்க ஒரு பெண் கரண்டியோடு வந்தபோது, இலைக்கு மேல் நீண்டு அந்தக் கரண்டியைத் தடுத்தது மலர்க்கொடியின் கை இல்லை, அஞ்சலையின் கை.

இதைச் சொன்னால் எல்லாரும் "பரவாயில்லையே, நல்லபடியா முடிஞ்சுதே" என்கிறார்கள். என்ன நல்லபடியாக முடிந்தது? அவள் காலைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. வேப்பமரத்தடியில் ஒரு காலை நேரம் பேசியது அவ்வளவுதான். அதை ஒரு வருடம் முன்னால் பேசியிருந்தால் அந்த இரண்டு விரலும் அவள் காலிலேயே இருந்திருக்கும். பண்டிகை வருகிறது பிள்ளைகளே. பேஷன்ட்டை அப்புறம் திட்டலாம். முதலில் கரண்டி பிடிக்கிறவரைக் கூப்பிடுங்கள்.